கையில் பணம் இருக்கிறது. பாங்கியில் போட முடியவில்லை!

ஜப்பானில் குடியேறும் பிற நாட்டார் படும் பாடு

பணம் இல்லாதவனுக்குப் பாங்கி எதற்கு என்பார்கள். பணம் இருந்தும் பாங்கி கணக்குத் தர மறுத்தால்?

ஜப்பானுக்குப் பிழைக்கப் போகும் பிற நாட்டார் பலர் முதல் மாதத்தில் சந்திக்கும் சங்கடம் இதுதான். விமானத்தை விட்டு இறங்கியாகிவிட்டது. வேலை காத்திருக்கிறது. முதலாளியும் நல்லவர். "சம்பளம் போட வேண்டும். உங்கள் பாங்கிக் கணக்கு எண் என்ன?" என்று கேட்கிறார்.

கணக்கு இருந்தால் அல்லவா எண் சொல்ல!

2024-ஆம் ஆண்டுக் கடைசியில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டார் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். சீனர், வியட்நாமியர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரர், நேப்பாளிகள் என்று பல தேசத்தார் அதில் உண்டு. இந்தியர்களும் உண்டு. டோக்கியோ நகரின் எடோகாவா வட்டத்தில் நிஷி கசாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இந்தியக் குடும்பங்கள் அங்கே ஏராளம். தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

நம் ஊரிலிருந்து ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்த நாட்டு வழக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கல்யாணம் முந்தியா, பைத்தியம் முந்தியா?

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம்மில் ஒரு பேச்சு உண்டு. புதிதாக வந்தவரின் நிலைமை இதேதான்.

கணக்குத் திறக்கப் பாங்கிக்குப் போனால், "டெலிபோன் எண் எழுதுங்கள்" என்கிறார்கள். டெலிபோன் வாங்கக் கடைக்குப் போனால், "மாதக் கட்டணத்தை எந்தப் பாங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது?" என்கிறார்கள். வீடு பிடிக்கப் போனாலும் வாடகைக்குப் பாங்கிக் கணக்கு கேட்கிறார்கள். பாங்கியோ, "வீட்டு விலாசம் எங்கே?" என்கிறது!

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. கட்டணத்தைக் கடையிலேயே ரொக்கமாகக் கட்ட அனுமதிக்கும் டெலிபோன் கம்பெனிகள் சில இருக்கின்றன. முதலில் அவர்களிடம் ஓர் எண் வாங்கிவிட்டால் முடிச்சு அவிழத் தொடங்கும்.

முதல் 14 நாள்

மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்று வருகிறவருக்கு ஜப்பான் அரசாங்கம் ஓர் அட்டை கொடுக்கிறது. அதன் பெயர் "ஸைரியூ கார்டு". குடியிருப்பு அட்டை என்று சொல்லலாம். 2012 ஜூலை மாதம் இந்த முறை வந்தது. டோக்கியோவின் நரிட்டா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனே அட்டை கைக்கு வந்துவிடும்.

ஆனால் அப்போது அதில் விலாசம் இருக்காது. குடியிருக்க இடம் அமைந்த 14 நாட்களுக்குள் அந்த ஊர் நகராட்சி ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே விலாசத்தைப் பதிந்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். இது சட்டம்.

விலாசம் ஏறாத அட்டையை எடுத்துக்கொண்டு பாங்கிக்குப் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முதலில் நகராட்சி, பிறகு பாங்கி. இந்த வரிசை மாறக்கூடாது.

ஆறு மாதக் கெடு

அட்டையும் விலாசமும் இருந்தும் சில பாங்கிகள், "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகின்றன. கேட்பவருக்குக் கோபம் வரும். அந்நியன் என்று அவமதிக்கிறார்களோ என்று தோன்றும்.

இதற்குக் காரணம் ஒரு பழைய சட்டம். 1949-ல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கணக்குப்படி, பிற நாட்டார் ஒருவர் ஜப்பானில் ஆறு மாதம் தங்கிய பிறகே உள்ளூர்வாசியாகக் கருதப்படுவார். அதுவரை அவர் வெளிநாட்டுவாசிதான். வெளிநாட்டுவாசிக்குக் கணக்குக் கொடுத்தால் பணம் அனுப்புவதிலும் பெறுவதிலும் பல கட்டுப்பாடுகள் உண்டு. அந்தத் தொல்லை வேண்டாம் என்று பாங்கிகள் ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆனால் இதற்கு விலக்கு ஒன்று இருக்கிறது. ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் முதல் நாளிலிருந்தே உள்ளூர்வாசி! ஆகவே வேலைக்கு வந்தவர்கள், கம்பெனி கொடுத்த அடையாளச் சீட்டையோ வேலை ஒப்பந்தத்தையோ மறக்காமல் கொண்டுபோக வேண்டும். அதைக் காட்டினால் ஆறு மாதப் பேச்சு பெரும்பாலும் எழாது.

கை கொடுக்கும் தபால் பாங்கி

மாணவர்கள் என்ன செய்வது? அவர்கள் பெரும்பாலும் போகுமிடம் தபாலாபீசு!

ஜப்பானில் தபால் சேமிப்பு தொடங்கியது 1875-ஆம் ஆண்டில். மயேஜிமா ஹிஸோகா என்பவர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே தபால் நிர்வாகம் நடக்கும் முறையைப் பார்த்து வந்தார். அதையே தம் நாட்டிலும் அமைத்தார். நம் நாட்டில் தபால் சேமிப்பு பாங்கி வந்தது 1882-ல்தான். 2007-ல் ஜப்பானின் தபால் சேமிப்பு தனிப் பாங்கியாகப் பிரிந்தது. "யூச்சோ பாங்கி" என்று அதற்குப் பெயர். நாடெங்கும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தபாலாபீசுகளில் அதன் சேவை கிடைக்கிறது. சிற்றூரிலும் கிடைக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அங்கே கணக்குத் திறக்க வழி உண்டு. முதலில் சில கட்டுப்பாடுகள் இருக்கும். ஆறு மாதம் நிறைந்ததும் அட்டையைக் காட்டி அவற்றை நீக்கிக்கொள்ளலாம்.

அதுவரை சம்பளத்துக்கு என்ன வழி? 1947-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் இதில் துணை நிற்கிறது. சம்பளத்தைத் தொழிலாளியின் கையில் பணமாகவே கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை விதி. தொழிலாளி சம்மதித்தால்தான் பாங்கியில் போடலாம். ஆகவே கணக்குக் கிடைக்கும் வரை ரொக்கமாகத் தரும்படி முதலாளியிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையெழுத்தா, முத்திரையா?

நம் ஊரில் கையெழுத்து. எழுதத் தெரியாதவருக்குக் கைநாட்டு. ஜப்பானியருக்கு முத்திரை! "ஹாங்கோ" என்பது அதன் பெயர். விரல் அளவுள்ள ஒரு குச்சி. அதன் நுனியில் குடும்பப் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். சிவப்பு மையில் தொட்டு ஒற்றினால் அதுவே கையெழுத்து.

சாட்டோ, சுசுகி, டனாக்கா போன்ற சாதாரணப் பெயர்களுக்கு முத்திரை கடையில் தயாராகவே தொங்கும். நம்மவர் பெயருக்கு எங்கே கிடைக்கும்? சொல்லித்தான் செய்ய வேண்டும்.

முன்பெல்லாம் முத்திரை இல்லாவிட்டால் கணக்கு இல்லை என்ற நிலை இருந்தது. இப்போது பல பாங்கிகள் பிற நாட்டாரின் கையெழுத்தை ஏற்றுக்கொள்கின்றன. கைப்பேசி மூலம் முத்திரையே இல்லாமல் கணக்குத் திறக்கவும் சில பாங்கிகளில் முடிகிறது. ஆனாலும் எல்லாப் பாங்கிகளும் ஒரே மாதிரி இல்லை. போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது மேல்.

'தமிழ்' அங்கே 'தமிரு'!

அடுத்த சங்கடம் பெயர். பிற மொழிப் பெயர்களை ஜப்பானியர் "கட்டகானா" என்ற எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் "ல" கிடையாது. "ள" கிடையாது. "ழ" கிடையவே கிடையாது. எல்லாவற்றுக்கும் "ர"தான்! "தமிழ்" என்ற சொல்லே அங்கே "தமிரு" ஆகிவிடுகிறது. லட்சுமியம்மாள் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்!

இது வேடிக்கை மட்டும் அல்ல. ஜப்பானில் ஒரு பாங்கியிலிருந்து இன்னொரு பாங்கிக்குப் பணம் போவது இந்தக் கட்டகானாப் பெயரை வைத்துத்தான். பாங்கியில் ஒரு மாதிரியும் கம்பெனியில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால், சம்பளப் பணம் கணக்கில் சேராமல் திரும்பிவிடும். அரிசி வாங்க வைத்த பணம் ஓர் எழுத்தால் நின்றுபோகும்.

நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்குமிடத்தில் தகப்பனார் பெயர் இருக்கிறது. ஆகவே மகன் கணக்குத் திறக்கப் போவான், பாங்கிக் குமாஸ்தா, "முருகேசன் அவர்களே!" என்று ஊரில் இருக்கும் அப்பாவைக் கூப்பிடுவார்!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பாஸ் புக்கின் முதல் பக்கத்தில் கட்டகானாவில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதை அப்படியே நகல் எடுத்துக் கம்பெனியிலும் கொடுத்துவிட வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

"அம்மா, நான்தான் பேசுகிறேன். விபத்தில் மாட்டிக்கொண்டேன். உடனே பணம் அனுப்பு!"

வயதான தாய்மாருக்கு இப்படி டெலிபோன் வருகிறது. பேசுகிறவன் மகன் அல்ல, மோசக்காரன்! இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானை ஆட்டிவைக்கும் மோசடி இது. பதறிப்போன தாய் அனுப்பும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? யாரோ ஒருவரிடம் விலைக்கு வாங்கிய கணக்குக்கு!

இதில்தான் ஏழைத் தொழிலாளிகளும் மாணவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்பப் போகும் சமயத்தில் ஒருவன் வருவான். "உனக்கு இனிமேல் பாஸ் புக்கும் கார்டும் எதற்கு? என்னிடம் கொடு. நல்ல பணம் தருகிறேன்" என்பான். எளிதாகக் கிடைக்கும் காசுதானே என்று கொடுத்துவிடுகிறார்கள்.

அது குற்றம்! 2007-ல் வந்த சட்டப்படி, பாஸ் புக்கை விற்றாலும் வாங்கினாலும் சிறையும் அபராதமும் உண்டு. "எனக்குச் சட்டம் தெரியாது" என்றால் விடமாட்டார்கள். நாடு கடத்தப்படவும் நேரலாம். மறுபடி ஜப்பானுக்குப் போக நினைத்தால் கதவு மூடியிருக்கும்.

பாங்கிக்காரர் ஆயிரம் கேள்வி கேட்பதற்குக் காரணம் இதுதான். அவர் கேள்விக்குப் பின்னால் ஏமாந்த ஒரு தாய் இருக்கிறாள்.

கணக்குக் கிடைத்த பிறகு

கணக்குத் திறந்ததோடு வேலை முடியவில்லை. தங்கும் காலம் நீட்டிக்கப்பட்டால் புதிய அட்டையைப் பாங்கியில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், பழைய தேதி முடிந்ததும் பணம் எடுக்க முடியாமல் கணக்கு முடக்கப்படும். வீடு மாறினாலும் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் சேவைக்குப் பாங்கி "மை நம்பர்" கேட்கும். நம் ஆதாரைப் போல அதுவும் 12 இலக்கம். நகராட்சியில் விலாசம் பதிந்தவர்களுக்கு அது கிடைக்கும்.

போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா? உண்டு. பாங்கி முழுகிப்போனால், ஒரு பாங்கியில் ஒருவருக்கு ஒரு கோடி யென் வரைக்கும் அதன் வட்டிக்கும் காப்புறுதி இருக்கிறது. இதில் ஜப்பானியர், அந்நியர் என்ற பேதம் இல்லை.

கடைசியாக ஒன்று. நாட்டை விட்டு நிரந்தரமாகத் திரும்பும்போது, கடைசிச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட வேண்டும். பாஸ் புக்கை யாரிடமும் கொடுக்கக்கூடாது, அது நண்பனே ஆனாலும் சரி. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தோடு நல்ல பெயரையும் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் அல்லவா?