அடுக்கு வரிசையும் பூச்சியமும்

305 என்று எழுதுகையில் நடுவில் பூச்சியம் இட்டுப் பத்தின் இடத்தைக் காக்கிறோம். விட்டால் 35 ஆகிவிடும். இயற்கணிதத்திலும் அதே நியாயந்தான்.

தெரியாத எண்ணைக் 'க' என்போம். 5 − 4க + 2க³ என்னும் பல்லுறுப்புக் கோவையை, பெரிய அடுக்கு முன்னே வர, 2க³ − 4க + 5 என மாற்றுகிறோம். ஒவ்வோர் உறுப்பும் தன் குறியோடே நகர வேண்டும். பிள்ளைகள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான்.

கூட்டலுக்கு இது போதும்; வகுத்தலுக்குப் போதாது. க − 1 ஆல் வகுத்தால் முதற் கழித்தலிலேயே 2க² வந்து நிற்கும். அதற்கு இடம் வேண்டாமா? ஆகவே 2க³ + 0க² − 4க + 5 என்றெழுதி வகுக்கிறோம். ஈவு 2க² + 2க − 2, மீதி 3.

இயற்கணிதம் படிக்காத பெற்றோரும் பிள்ளையின் நோட்டைப் பார்க்கலாம்: க-வின் தலைமேல் 3, அடுத்து 2, பிறகு வெறும் க, கடைசியில் தனி எண் என்று இடைவிடாமல் இறங்குகிறதா?