கேசட்டில் இருக்கும் அப்பாவின் குரல்: 'சவுண்டு கார்டு' வாங்கும் முன்பு...

ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் வீட்டில், துணிப்பெட்டியின் அடியில் சில கேசட்டுகள் கிடக்கும். 1980-களில் கடிதத்துக்குப் பதிலாக அப்பாவோ அம்மாவோ பேசிப் பதிந்து அனுப்பியவை. பேசியவர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். குரல் மட்டும் இருக்கிறது.

ஆனால் ஒலிநாடா சாசுவதம் அல்ல. அதில் பூசியுள்ள காந்தப் பொடி நாளாக ஆக உதிரும். நாடா அறுந்தும் போகும். அதற்கு முன்பே குரலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டால் பேரன் பேத்திகளும் கேட்கலாம். அதற்கு உதவுவதுதான் 'சவுண்டு கார்டு'.

என்ன செய்கிறது?

டேப் ரிக்கார்டரில் இருந்து வருவது மின் அலை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ எண்கள். சவுண்டு கார்டு அந்த அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. திரும்பக் கேட்கும்போது எண்களை அலையாக மாற்றுகிறது. சி.டி. பாட்டுகள் இந்தக் கணக்கில்தான், 16 பிட்டில் பதிவாகின்றன. பழைய கேசட்டுக்கு இதுவே தாராளம். அட்டைப்பெட்டியில் '192 கிலோ ஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாடாவில் இல்லாத ஒலியை எந்தக் கார்டும் கொண்டு வராது.

எந்தத் துளை?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "'லைன்-இன்' உண்டா?"

மைக் துளை மிகச் சிறிய மின் அளவுக்காக அமைந்தது. டேப் ரிக்கார்டரை அதில் சொருகினால் குரல் கரகரக்கும். மலிவான சின்ன யு.எஸ்.பி. கார்டுகள் பலவற்றில் மைக் துளைதான் உண்டு. லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளையும் பெரும்பாலும் அப்படியே.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் பின்பக்கம் பாருங்கள். வெளிர் நீலத் துளை இருந்தால் அதுதான் லைன்-இன். பச்சை, கேட்பதற்கு. இளஞ்சிவப்பு, மைக்குக்கு. நீலம் இருந்தால் காசு செலவழிக்கும் முன்பு அதிலேயே பதிந்து பாருங்கள்.

இரைச்சல் வந்தாலோ, நீலத் துளை இல்லாவிட்டாலோ, லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. வெளிப்பெட்டி வாங்கலாம். கம்ப்யூட்டருக்குள் எழும் மின் இரைச்சல் அதில் குறைவு. மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ் ஆகிய இடங்களில் விசாரித்து வாங்குங்கள்.

பதிவது எப்படி?

டேப் ரிக்கார்டரின் 'ஹெட்'டைத் துடைத்துக் கொள்ளுங்கள். ஹெட்போன் துளையில் இருந்து லைன்-இன்னுக்கு ஒரு ஒயர் கொடுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளே போதும். ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 மெகாபைட் இடம் பிடிக்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் தம்பி தங்கையிடம் கொடுத்து வையுங்கள். அவர்களுக்கும் அது அப்பாவின் குரல் அல்லவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!