கூட்டமும் தொற்றும்

தொற்றுநோய்க் காலத்தில் மகாசபையைக் கூட்டலாமா, சாமை விற்கச் சந்தைக்குப் போகலாமா என்று ஜவ்வாதுமலை அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. இரண்டும் கூட்டந்தான், ஆயினும் அபாயம் ஒன்றல்ல.

நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். பத்துப் பேர் கூடுமிடத்தில் நோயுற்றவர் ஒருவரேனும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். ஐம்பது பேராயின் 40. நூறு பேராயின் 63. அவரைப் பார்த்தவுடன் அறியவும் இயலாது. கொரோனா, அறிகுறி தோன்றுமுன்பே பிறரைத் தொற்றியது.

எண்ணிக்கை மட்டும் போதாது. இடம், நேரம், குரல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் நாள் 61 பேர் மூடிய கூடத்தில் இரண்டரை மணி நேரம் பாடிப் பயின்றனர். உறுதியானவர்களும் அறிகுறி கண்டவர்களுமாக 53 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர்.

திறந்தவெளியில் மூட்டையை நிறுத்துக் கொடுத்துக் கால்மணியில் திரும்புபவருக்கு அவ்வளவு அபாயமில்லை. நாள்தோறும் அங்கேயே நெருங்கி உழைப்பவர் நிலை வேறு. சென்னைக் கோயம்பேடு சந்தையில் பற்றிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளரோடு கடலூர், விழுப்புரம் வரை சென்றது. 2020 மே 5ஆம் நாள் சந்தையே மூடப்பட்டது, விளைவித்தவர்களும் அல்லலுற்றனர்.

ஆகவே சரக்கை விற்கச் சங்கத்துக்கு இருவர் போனால் போதும். மகாசபையோ தள்ளிவைக்கக் கூடியது. கூட்டியே தீரவேண்டுமாயின் மரத்தடியில் கூட்டி, வரவு செலவு அறிக்கையை முன்னரே வழங்கிவிடலாம். பங்காதாயப் பேச்சு வந்தால் நம்மவர் குரல் உயராதிராது. அதற்கும் சேர்த்தே இடைவெளி விட்டு அமர்த்துக.