கடவுச்சொல் சரி, கடிகாரம்தான் தவறு!

போன தவணையில் எங்கள் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் பகுதிநேர உதவியாளராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு முதலாமாண்டு மாணவி ஒருத்தி பதற்றத்துடன் என்னிடம் ஓடி வந்தாள். ஐந்து மணிக்குள் இடுபணியை அனுப்பியாக வேண்டும். லினக்ஸ் கணினியோ அவளை உள்ளே விடவில்லை.

"கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டும்மா," என்றேன். தட்டினாள். மறுப்பு. மீண்டும் தட்டச் சொன்னேன். மீண்டும் மறுப்பு.

"அக்கா, காலையில் நூலகத்தில் இதே கடவுச்சொல்தான் போட்டேன்," என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் நம்பவில்லை. மறந்திருப்பாள் என்றே நினைத்தேன். இப்படியே அரை மணி நேரம் போனது.

கல்விக்கூடங்களில் நம் கணக்கு ஒரே கணினிக்குள் இருப்பதில்லை. மைய வழங்கியில் இருக்கிறது. அதனால்தான் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் ஒரே பெயரில் நுழைய முடிகிறது. நாம் நுழையும்போது கணினி இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இவர் யார்? இவர் உண்மையிலேயே அவர்தானா? எங்கள் கூடத்தில் முதல் கேள்விக்கு 'எல்டேப்' என்ற பயனர் பட்டியலும், இரண்டாவதற்குக் 'கெர்பரோஸ்' என்ற முறையும் விடை தருகின்றன.

கடைசியில், அந்தக் கணினிக்கே உரிய நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, 'ஐடி' என்ற கட்டளையுடன் அவள் பயனர் பெயரைத் தட்டினேன். அவள் எண்ணும் குழுக்களும் உடனே வந்தன. ஆக, முதல் கேள்வியில் சிக்கல் இல்லை. அடுத்து, கணினியின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். கடிகார வேறுபாடு அளவுக்கு மீறிவிட்டது என்று ஒரு வரி இருந்தது. என் கைப்பேசியில் மணி 5.02. கணினியில் 4.51!

கெர்பரோஸ் 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவானது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. கடவுச்சொல்லை வலையமைப்பில் அனுப்பாமல், நேரம் குறித்த நுழைவுச்சீட்டுகளை அது கையாள்கிறது. யாராவது பழைய செய்தியைத் திருடி மறுபடி அனுப்பினால் பிடிபட வேண்டும் அல்லவா? அதனால் இரு கடிகாரங்களுக்கும் இடையே வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். எங்கள் கணினியில் நேரத்தைச் சரிசெய்யும் சேவை நின்றுபோயிருந்தது. அதை மீண்டும் இயக்கியதும் அவள் முதல் முயற்சியிலேயே நுழைந்தாள். இடுபணி 5.08க்குப் போனது.

திங்கட்கிழமை விரிவுரையாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு மதிப்பெண் குறையவில்லை.

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் பக்கத்துக் கணினியில் நுழைந்து பாருங்கள். அங்கே முடிந்தால் கணக்கிலும் கடவுச்சொல்லிலும் கோளாறு இல்லை. பிறகு கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். "காலையில் நூலகத்தில் நுழைந்தேன்" என்று அவள் சொன்னதும் இதே சோதனைதான். அதைக் காதில் வாங்கியிருந்தால் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.