ஆங்கில முற்றுநிலை நிகழ்காலமும் தமிழ் ‘இரு’ துணைவினையும்

தமிழ்வழி மாணவர்க்கு ஆங்கில வினைக்காலங்களைக் கற்பிக்கும் கையேடுகளில் முக்காலமும் நான்கு நிலையும் பெருக்கிய பன்னிரு கட்டப் பட்டியல் ஒன்று வழக்கமாக இடம்பெறும். ஒவ்வொரு கட்டத்திற்கும் நேராக ஒரு தமிழ் வினைமுற்று வைக்கப்படும். தொல்காப்பியம் தொட்டு முக்காலப் பகுப்பில் பழகியோர்க்கு இப்பட்டியல் இயல்பாகவே தோன்றும். ஆயினும் ஆங்கில வினை வடிவத்தால் இறந்தகாலம், இறப்பல்லாக் காலம் என்னும் இரண்டையே காட்டுவது. எதிர்காலத்திற்கென அதற்குத் தனி விகுதி இல்லை. ‘வில்’ முதலிய துணைவினைகளே அப்பொருளைத் தருகின்றன.

இப்பட்டியலில் மிகவும் வழுவுவது முற்றுநிலை நிகழ்காலத்திற்குரிய கட்டம். பெயரே மயக்கம் தருவது. தமிழிலக்கணத்தில் ‘முற்று’ என்பது எச்சத்திற்கு மறுதலையானது. தொடர் முடிவைக் குறிப்பதேயன்றிச் செயல் முடிவைக் குறிப்பதன்று. ‘ஹி ஹேஸ் கம்’ என்பதற்கு ‘அவர் வந்திருக்கிறார்’ என நேர்ப்பொருள் கூறப்படுகிறது. அமைப்பும் ஒத்ததாகவே தோன்றும். ஆனால் ‘அவர் நேற்றே வந்திருக்கிறார்’ என்பது தமிழில் வழுவற்ற தொடர்; அதனையொட்டி மாணவர் எழுதும் ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ ஆங்கிலத்தில் வழு. கடந்துபோன ஒரு காலத்தை வரையறுத்துச் சுட்டும் சொல்லை ஆங்கில முற்றுநிலை பொதுவாக ஏற்பதில்லை.

தமிழ் ஏற்பதற்குக் காரணம் யாது? ஈரமான முற்றத்தைக் காலையில் காண்பவர் ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்பார். மழையைக் கண்டவர் ‘இரவு மழை பெய்தது’ என்பார். இங்கு ‘இருக்கிறது’ என்பதன் நிகழ்காலம் மழைக்குரியதன்று. மழையை உய்த்துணரச் செய்யும் சான்றுக்குரியது. எனவே நிகழ்வு எப்போது நடந்தது என்று சுட்டுவதற்குத் தடை எழுவதில்லை. இவ்வுய்த்துணர்வை வெளிப்படையாகக் கூற ஆங்கிலம் ‘மஸ்ட் ஹேவ்’ என்னும் வேறொரு வாய்பாட்டை நாடும்.

மறுதலையான பொருந்தாமையும் உண்டு. ‘மூன்று ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்’ என்பதில் தமிழ் தனி நிகழ்காலத்தையே ஆள்கிறது; தொடக்கம் முதல் இன்றுவரை நீளும் கால அளவை ‘ஆக’ என்னும் உருபே உணர்த்திவிடுகிறது. அதே பொருளுக்கு ஆங்கிலம் முற்றுநிலையை வேண்டும். ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என எழுதும் மாணவர் கவனக்குறைவால் பிழை செய்யவில்லை. தம் மொழியின் விதியைச் செம்மையாகக் கடைப்பிடிக்கிறார். ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளிக்கும் ‘ஃபார்’ கால அளவிற்கும் உரியன என்ற வேறுபாடு பாடநூல்களில் விளக்கப்படுவதுண்டு. வினைவடிவம் மாறவேண்டிய காரணமோ பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

ஆகவே இவ்விடத்தில் வினைமுற்றுக்கு வினைமுற்று நிகர் காட்டுவதினும், ‘நேற்று’, ‘இதுவரை’, ‘ஆண்டுகளாக’ போன்ற காலச்சொற்களோடு சேர்த்து முழுத்தொடரையே பயிற்றுவது பொருந்தும். ‘வந்தார்’, ‘வந்திருக்கிறார்’ ஆகிய இரண்டிற்கும் ‘நேற்று’ வரும்போது ஆங்கிலம் ‘கேம்’ என்னும் ஒரே வடிவத்தையே தரும் என்பதிலிருந்து அப்பயிற்சியைத் தொடங்கலாம்.