சேதன உணவு: கூடுதல் விலை யாருக்கு இலாபம்?

'சேதன முறையில் விளைந்தது' என்று எழுதினால் மரக்கறிக்குக் கூடுதல் விலை கேட்கலாம். அது விவசாயிக்கு இலாபமாகுமா என்பது வேறு கணக்கு. உதாரணமாக, 100 கிலோவை 100 ரூபா வீதம் விற்றவருக்கு 10,000 ரூபா வரும். இரசாயன உரத்தைக் கைவிட்டு விளைச்சல் 75 கிலோவாகக் குறைந்தால், அதே வருமானத்துக்குக் கிலோ 133 ரூபாவுக்கு மேல் விற்க வேண்டும். உரச் செலவு மிச்சம்தான். ஆனால் களை பிடுங்கவும் கூட்டெரு தயாரிக்கவும் கூலி கூடும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது இந்தக் கணக்கு பார்க்கப்படவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றோர் எச்சரித்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் காலம் கடந்துவிட்டது. முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தாண்டிய நெல் விளைச்சல், 2021/22இல் 20 இலட்சம் தொன்னைக்கூட எட்டவில்லை. விளைச்சல் இழப்பு விவசாயியின் தலையில் விழுந்தது.

மிளகின் கதை வேறு

கண்டி, அக்குறணை, கம்பளைப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய் பெரும்பாலும் இரசாயன உரமின்றியே வளர்கின்றன. இங்கு விளைச்சல் குறையும் பயம் சிறிது. ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் வெளிநாட்டில் அது சாதாரண மிளகுதான். மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் 3 வருட மாறுகாலம் கேட்கின்றன. பரிசோதனைச் செலவைத் தனி விவசாயி தாங்க முடியாது. குழுவாகச் சேர்ந்தால் முடியும். ஐரோப்பிய விதிப்படி ஒரு குழுவில் 2,000 பேர் வரை இருக்கலாம். கண்டிப் பகுதியின் சிறு சேதன விவசாயிகள் சங்கம் இவ்வழியில் தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் ஏற்றுமதிச் சந்தைக்குக் கொண்டுசென்றுள்ளது.

இங்கேதான் கொள்வனவு செய்யும் வியாபாரிக்கு வேலை இருக்கிறது. பல தோட்டத்து மிளகை ஒரே சாக்கில் கலந்தால் சான்றிதழுக்குப் பெறுமதி இல்லை. எந்தத் தோட்டத்தில், எந்தத் திகதியில், எத்தனை கிலோ வாங்கியது என்று பதிவு இருக்க வேண்டும். களஞ்சியத்திலும் பிரித்து வைக்க வேண்டும். பேராதனையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை பெறலாம்.

உள்ளூர்க் கடைக்காரருக்கும் இது பொருந்தும். நுகர்வோர் கூடுதலாகக் கொடுப்பது நம்பிக்கைக்கான விலை. ஆதாரமின்றிச் 'சேதனம்' என்று விற்பவர் ஒருநாள் இலாபத்துக்காக வாடிக்கையாளரையே இழப்பார்.