கப்பல் எண் காட்டிய கிராமம்!

குட்டீஸ்... உங்க தாத்தா பெயர் தெரியும். தாத்தாவின் தாத்தா பெயர் என்ன? உதட்டைப் பிதுக்குகிறீர்கள் தானே! கடல் கடந்து வாழும் சிலர், ஒரே ஒரு எண்ணை வைத்து, அதைக் கண்டுபிடிக்கின்றனர் தெரியுமா?

தென் ஆப்ரிக்காவில், நேட்டால் என்ற பகுதி இருந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து ஆட்களை ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போயினர். முதல் கப்பலின் பெயர், 'ட்ரூரோ!' 1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பி, நவம்பர் 16ல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள், சுமார் 340 பேர். முதல் ஆண்டில் மாதச் சம்பளம், வெறும் 10 ஷில்லிங். 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படிப் போயினர். தமிழர்களும், தெலுங்கர்களும் அவர்களில் ஏராளம்.

போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெரிய பதிவேட்டில் எழுதி வைத்தனர். பெயர், அப்பா பெயர், வயது, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் அதில் இருக்கும். அப்பா பெயரும் இருப்பதால், கப்பலே ஏறாத இன்னொரு தலைமுறையும் சேர்ந்து கிடைத்து விடுகிறது பாருங்கள்!

சரி... அந்த எண்ணை எங்கே தேடுவது? வீட்டுப் பெட்டியில் தான்! கொள்ளுத் தாத்தாவின் கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்ற பழைய தாள்களில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் புரட்ட வேண்டும். முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பார்க்க வேண்டும். மனைவி, குழந்தைகள், அடுத்தடுத்த எண்களில் இருக்கலாம் அல்லவா?

தாளே இல்லாவிட்டால் தான் திண்டாட்டம். பெயரை வைத்துத் தேடினால், எத்தனை முனுசாமி! அதுவும், எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், முனுசாமி, 'மூன்சாமி' ஆகிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராகவும் ஒட்டிக் கொண்டது. ஊர்ப் பெயர்களும் இதே கதி தான். வாய்விட்டு, தமிழ் ராகத்தில் படித்துப் பார்த்தால் தான் பிடிபடும்.

பிடிபட்டாலும், இன்னொரு சிக்கல். 'புதூர்' என்று இருந்தால் எந்தப் புதூர்? நம் ஊர்ப் பக்கம் தான் எத்தனை புதூர்! அப்போது தாலுகா பெயர் கை கொடுக்கும். அதுவும் சிதைந்து போயிருந்தால், மாவட்டத்தோடு தேடல் நின்று விடும். அப்படி நின்று போன குடும்பங்களும் இருக்கின்றன.

பதிவேட்டில், அங்க அடையாளம் என்று ஒரு கட்டமும் உண்டு. மச்சம், தழும்பு போன்றவற்றை அதில் குறித்தனர். புகைப்படமே இல்லாத அந்த மனிதருக்கு, கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது என்று தெரிந்தால், கொள்ளுப் பேத்தி என்ன செய்வாள்? ஓடிப் போய், கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்ப்பாள்!